ஃபோர்ஸ் போட மாட்டேன்

கல்யாணராமன் சாருக்கு ஒரு குணம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான். நாலாவது காலைக் கையில் பிடித்துக் காட்டினாலும், அது வேறு ஏதோ முயலுடையது என்று சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் நாலு வருஷமாக வேலை பார்க்கும் லூயிசாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் முகத்துக்கு நேராக, "ஃபோர்ஸ் போட மாட்டேன் சார்" என்றாள்.

தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்து. கீழே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடை, அதற்கு மேலே மாடியில் இவர்கள் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலாளி கல்யாணராமன் ப்ரோகிராம் எழுதுவார். அவர் மைத்துனன் ராகவேந்திரன் ஊரெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றி, முடியாததையெல்லாம் முடியும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவான். அந்த வாக்கைக் காப்பாற்றுகிற பாவப்பட்ட ஜன்மம் லூயிசா. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஜன்னலுக்குக் கீழே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ஊரெல்லாம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருக்க, இவர்கள் ஆபீஸில் திங்கட்கிழமை பிறந்தால் என்ன ஆகும் என்பதே பெரிய பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அடையாறில் டாக்டர் வஜீஹா சொந்தமாக ரத்தப் பரிசோதனை லேப் திறக்கிறாள். முதல் நாள் கர்ப்பிணிகளுக்கு இலவச முகாம். அவளுக்கு இரண்டு ப்ரோகிராம் வேண்டும். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் பேரையும் வயதையும் ரத்த வகையையும் பதிய ஒன்று, அதை அழகாக அச்சடித்துக் கொடுக்க இன்னொன்று. முதலாவதைக் கல்யாணராமன் எப்போதோ எழுதி வைத்திருந்தார். இரண்டாவதை லூயிசா புதிதாக எழுதினாள். இரண்டையும் தனித்தனிப் பேக்கேஜாகக் கட்டி, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்ட புது மெஷினில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் மெஷின் ஏற்க மாட்டேன் என்றது. இரண்டு பேக்கேஜும் ஒரே பேரில் ஒரு ஃபைலைக் கொண்டுவருகின்றன, பேர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல, எனவே இரண்டாவதை உள்ளே விட முடியாது என்று திரையில் ஒரு வரி. ஃபோர்ஸ் என்ற ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்து அடித்தால் போதும். மெஷின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னதைச் செய்துவிடும்.

"ஒரு வார்த்தைதானேம்மா," என்றார் கல்யாணராமன். "எத்தனை எடத்துல போட்டிருக்கோம். எங்கயாவது குடி முழுகித்தா?"

"முழுகினது நமக்குத் தெரியலை சார். அவ்வளவுதான்."

"என்ன பேசறே நீ."

"சார், உள்ள ஏதோ ரெண்டு விதமா இருக்குன்னு அது சொல்லுது. என்னன்னு பார்க்காம அது வாயை அடைச்சா எப்படி?"

என்னவென்று அவளுக்குப் பாதி தெரிந்துதான் இருந்தது. எல்லாம் இந்த ஸ்டாடிக் என்கிற கூத்து. பல ப்ரோகிராம்களுக்கும் பொதுவான வேலைகளை லைப்ரரி என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டு, வேண்டியபோது எல்லோரும் அங்கே போய் எடுத்துக்கொள்வது ஒரு முறை. கல்யாண வீட்டுப் பொதுச் சமையல் மாதிரி. ஸ்டாடிக் என்றால் அப்படியில்லை. ஒவ்வொரு ப்ரோகிராமும் அந்த லைப்ரரியின் ஒரு நகலைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துக்கொண்டு வரும். "அவாவா சாப்பாடு அவாவா டப்பாவுல" என்பார் கல்யாணராமன். அவர் ஆபீஸில் எது கட்டினாலும் ஸ்டாடிக்தான். அதுதான் சட்டம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஒரு காலத்தில் பாரிமுனையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அவர் எழுதிக்கொடுத்ததெல்லாம் பொது லைப்ரரியை நம்பித்தான் ஓடின. வேறு யாரோ ஒரு புண்ணியவான் அந்த லைப்ரரியை மாற்றிவைக்க, மறுநாள் காலையில் எல்லா ப்ரோகிராமும் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டன. ஆபீஸே எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தது. மனிதர் கூனிக்குறுகிப் போனார். சூடு கண்ட பூனை அப்புறம் அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? அன்றைக்கு ஸ்டாடிக்குக்குள் புகுந்தவர்தான், வெளியே வரவே இல்லை.

இப்போது டாக்டர் வஜீஹா, ரத்த வகைக்குப் பக்கத்தில் ஓர் அறிக்கை எண் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதை அச்சடிக்கும்போது ப்ரோகிராமே போட்டுக்கொள்ளும். லூயிசா லைப்ரரியில் ரத்த வகைக்கும் பாசிட்டிவ் நெகட்டிவ் குறிக்கும் நடுவில் ஒரு கட்டம் சேர்த்தாள். குறி ஒரு கட்டம் தள்ளிப் போனது. லைப்ரரியோடு ஒட்டி வரும் அந்தக் கட்டங்களின் பட்டியல்தான் மெஷின் தடுத்த ஃபைல். "பதிவு ப்ரோகிராமையும் புது லைப்ரரியோட மறுபடி கட்டிடுங்க சார்" என்று அவள் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தாள். "அது தனியா நிக்கும், தொடாதே" என்றுவிட்டார் அவர்.

ராகவேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். "அத்திம்பேர், இவகிட்ட என்ன கெஞ்சல்? நீங்களே அடிங்கோ. ஆடி மாசத்துல தெறப்பு விழா வெக்கற ஒரே கஸ்டமர் இந்தம்மாதான். இதையும் கோட்டை விடணுமா?"

கல்யாணராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே அடித்தார். மெஷின் அடங்கிவிட்டது. இரண்டு பேக்கேஜும் உள்ளே போய்விட்டன. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் வழக்கம்போலச் சோதனை.

அவர் சோதிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். எந்த ப்ரோகிராம் எழுதினாலும் முதலில் தன் வீட்டு ஜனங்களைத்தான் உள்ளே ஏற்றுவார். பள்ளிக்கூட மார்க் ப்ரோகிராமா, அவர் மனைவி ஜலஜா மாமி கணக்கில் தொண்ணூறு. மளிகைக் கடை ப்ரோகிராமா, ஜலஜா மாமி இரண்டு கிலோ துவரம் பருப்பு. ரத்தப் பரிசோதனையா, ஜலஜா மாமி ஓ பாசிட்டிவ். மாமியில் ஆரம்பித்து மாப்பிள்ளை வரை, மைத்துனனையும் சேர்த்து, அதே பத்துப் பேர், அதே வரிசை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். எல்லாமே பாசிட்டிவ். குறி இருக்கும் இடத்தில் ஒன்றும் அடிக்காமல் விட்டால் பாசிட்டிவ் என்று அவரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஊரில் பெரும்பாலோர் அதுதானே, விரலுக்கு எதற்கு வீண் வேலை என்று.

அத்தனை அறிக்கையும் அச்சில் பழுதில்லாமல் வந்தன. காபி வரவழைத்தார்கள். ராகவேந்திரன் லூயிசாவைப் பார்த்து, "பாத்தியா?" என்று கண்ணாலேயே கேட்டான்.

லூயிசா காபியைத் தொடவில்லை. மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பேர் லூயிசா ஞானதாஸ், வயது இருபத்தெட்டு, ரத்தம் பி நெகட்டிவ். திரையில் நெகட்டிவ் என்றுதான் இருந்தது. அச்சடிக்கக் கொடுத்தாள். பேப்பர் வந்தது. பி பாசிட்டிவ்.

மறுபடி அச்சடித்தாள். மறுபடியும் அதேதான். பதிவு ப்ரோகிராம் தன் வயிற்றில் இருந்த பழைய நகலின்படி குறியைப் பழைய கட்டத்தில் எழுதுகிறது. அச்சு ப்ரோகிராம் புது நகலின்படி அடுத்த கட்டத்தில் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் பாசிட்டிவ். வருகிற நெகட்டிவ் அத்தனை பேரும் பாசிட்டிவாகத்தான் வெளியே போவார்கள். ஒரு பிழைச் செய்தி வராது, ஒரு மணி அடிக்காது.

பேப்பரைக் கொண்டுபோய் இருவர் முன்னாலும் வைத்தாள். கல்யாணராமன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஆனாலும், "சரி, ஒரு சின்ன பிசகு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்.

"நூத்துக்கு அஞ்சு பேர் இருப்பாளா இந்த நெகட்டிவ்?" என்றான் ராகவேந்திரன். "அதுவரைக்கும் யாராவது வந்தா பேனாவால திருத்திக்கச் சொல்லுவோம். இதுக்கு ஏன் ஊரைக் கூட்டணும்?"

"அந்த அஞ்சு பேர்ல நான் ஒருத்தி சார்," என்றாள் லூயிசா. "எங்கம்மா ஒருத்தி."

சாந்தோமில் அவர்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசாத விஷயம் அது. தாய் நெகட்டிவாக இருந்து வயிற்றுக் குழந்தை பாசிட்டிவாக இருந்தால், தலைச்சன் பிள்ளை தப்பிவிடும். அதற்கப்புறம் தாயின் ரத்தமே அடுத்த பிள்ளையைப் பகையாளி என்று நினைத்து அழிக்கும். ஓர் ஊசியைக் காலத்தில் போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. ஆனால் ஊசி போட வேண்டுமென்றால் அவள் நெகட்டிவ் என்று ஒரு பேப்பராவது சொல்ல வேண்டும். லூயிசாவின் அண்ணன் ஃபிரெட்ரிக் பிழைத்தான். அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு குழந்தைகளும் மஞ்சளாகப் பிறந்து, ஞானஸ்நானம் கொடுத்த கையோடு போய்விட்டார்கள். நாலாவதாக வந்த லூயிசா அம்மாவைப் போலவே நெகட்டிவ், அதனால் தப்பித்தாள். அம்மாவுக்கு அந்த நாளில் யாரும் ரத்த வகையைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளன்று அம்மா கொளுத்துகிற நாலு மெழுகுவர்த்தியில் இரண்டு ரொம்பச் சின்னதாக இருக்கும்.

லூயிசா திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அச்சு ப்ரோகிராமை யாரும் ஓட்ட முடியாதபடி பூட்டினாள். அந்த மெஷினில் எதை ஏற்றவும் இறக்கவும் அதிகாரமுள்ள பாஸ்வேர்டையும் மாற்றினாள். ஒளித்துச் செய்யவில்லை, இருவர் கண்ணெதிரில்தான் செய்தாள். பிறகு எழுந்து நின்று சொன்னாள்.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன். ஃபோர்ஸ் போடாம ரெண்டும் உள்ள போனா சொல்றேன். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்."

"இது யாரோட மெஷின்?" என்றார் கல்யாணராமன்.

"டாக்டரோடது சார். உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல."

"சம்பளம் நான் குடுக்கறேன். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். அதுக்குத்தான் வேலை பார்க்கிறேன். இதுவும் வேலைதான்."

"வேலையை விட்டு நிறுத்தினா?"

"நிறுத்துங்க. அப்பவும் சொல்ல மாட்டேன்."

ராகவேந்திரன் சிரித்தான். "விடுங்கோ அத்திம்பேர். மெஷின் இன்னிக்கே அடையாறு போகட்டும். திங்கக்கெழமை அத்தனை பேர் முன்னாடி டாக்டரம்மா நின்னு கேட்டா, தானா வாயைத் திறப்பா." சொன்னபடியே ஓர் ஆட்டோவைப் பிடித்து மெஷினைக் கொண்டுபோய் லேபில் இறக்கிவிட்டும் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாந்தோம் கோயில் வாசலிலிருந்தே லூயிசா நேராக மயிலாப்பூரில் கல்யாணராமன் வீட்டுக்கு நடந்தாள். போக அவளுக்கு ஆசையா என்ன? வேறு வழியில்லை. பதிவு ப்ரோகிராமை ஸ்டாடிக் இல்லாமல் மறுபடி கட்ட வேண்டும். அதன் மூலம், அதாவது அவர் கைப்பட எழுதிய வரிகள், ஆபீஸில் இல்லை. கல்யாணராமன் வீட்டில் எழுதி, கட்டி முடித்த சரக்கை மட்டும்தான் ஃப்ளாப்பியில் கொண்டுவருவார். மூலத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் முதல் மாடி. ஜலஜா மாமிதான் கதவைத் திறந்தாள். "வாம்மா. ஆத்துல இருக்கார். நேத்துலேர்ந்து ஒரே கடுகடுப்பு. நீதான் காரணம்னு கேள்விப்பட்டேன்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே விட்டாள்.

கல்யாணராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாஸ்வேர்ட் சொல்ல வந்தியா?"

"பதிவு ப்ரோகிராமோட மூலம் வாங்க வந்தேன் சார்."

"பாஸ்வேர்டைச் சொல்லு, தரேன்."

"நீங்க தாங்க, கட்டி ஏத்திட்டு சொல்றேன்."

"நீ மொதல்ல."

"நீங்க மொதல்ல சார்."

ஜலஜா மாமி கையில் கரண்டியோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நன்னா இருக்கு போங்கோ. இவர் வந்தாத்தான் அவ, அவ வந்தாத்தான் இவர்னா, ஆகற காரியமா இது? என்ன ஆச்சுன்னு யாராவது எனக்குச் சொல்லுங்கோளேன்."

லூயிசா சொன்னாள். கட்டம், குறி, பழைய நகல், புது நகல், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், ஆபீஸில் யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டாள். அம்மாவின் இரண்டு குழந்தைகளைப் பற்றி. மாமி கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணராமன் பேப்பரை மடித்தார். "வருத்தமான விஷயம்தான். நான் இல்லேங்கலை. ஆனா நீ சொல்றபடி பொது லைப்ரரி வெச்சு, நாளைக்கு யாரோ அதை மாத்தினான்னா? ரெண்டும் ஒண்ணா உடையும். அந்த அவமானம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"உடையட்டும் சார். உடைஞ்சா எல்லாருக்கும் தெரியும், உடனே சரி பண்ணுவோம். இது உடையலை. சிரிச்சுக்கிட்டே பொய் சொல்லுது. எது மேல்?"

அவர் மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார்.

"பத்து பேரைப் போட்டுப் பார்த்தேன், பத்தும் சரின்னீங்களே," என்றவள் திரும்பி, "மாமி, உங்க ரத்தம் என்ன வகை?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் மாமி. "பிள்ளை பெத்தப்போ ஏதோ எழுதினா. அந்தச் சீட்டு எங்க போச்சோ. ஏன், இவர் என்ன போட்டு வெச்சிருக்கார்?"

"ஓ பாசிட்டிவ்."

"இவர் என்னைக் கேக்கவே இல்லையே."

லூயிசா அவரைப் பார்த்தாள். "சார், அந்தப் பத்துல எத்தனை நிஜம்?"

மூன்று கால் முயல்காரர்தான், ஆனால் பொய் சொல்கிற மனிதர் இல்லை. கல்லூரியில் கணக்குப் படித்தவர். காது மடல் சிவந்தது. "என்னுது ஒண்ணுதான்," என்றார் கடைசியில்.

எழுந்து உள்ளே போய் ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். லூயிசா கை நீட்டியபோது உடனே விடவில்லை. "நாளைக்கு அந்த டாக்டர் முன்னாடி இது படுத்துண்டா, நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துடணும்."

"எழுதிக் கையிலேயே கொண்டு வரேன் சார்."

பாஸ்வேர்டை அப்போதும் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அன்று பகல் முழுக்க அவள் தி. நகர் ஆபீஸில் தனியாக இருந்தாள். ஸ்டாடிக் என்கிற சொல்லைக் கட்டும் குறிப்பிலிருந்து எடுத்தாள். லைப்ரரியைத் தனிப் பேக்கேஜாகக் கட்டினாள். தகராறு பண்ணிய அந்த ஃபைல் இனி லைப்ரரியில் மட்டும்தான் இருக்கும். மற்ற இரண்டும், இன்ன லைப்ரரி, இன்ன பதிப்பு இருந்தால்தான் நாங்கள் வருவோம் என்று வாய்விட்டுக் கேட்கும். கேட்டது இல்லையென்றால் மெஷின் கதவைச் சாத்தும். ஆபீஸில் இருந்த பழைய மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஏறியது. தன் பேரை அடித்தாள். பி நெகட்டிவ். பேப்பரிலும் பி நெகட்டிவ். கூட்டத்தில் இடித்துப் பிடித்து மாம்பலம் ஸ்டேஷன் வரை நடந்தபோது அவளுக்குக் கால் வலியே தெரியவில்லை.

திங்கட்கிழமை அடையாறில் லேப் வாசலில் ரோஜாப்பூவும் சர்பத்துமாக ஒரே அமளி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வஜீஹா கையுறை மாட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். லூயிசா உள்ளே போய் பாஸ்வேர்டை அடித்து, ஃப்ளாப்பியைப் போட்டு, மூன்று பேக்கேஜையும் ஏற்றச் சொன்னாள்.

மெஷின் மாட்டேன் என்றது.

பின்னால் ராகவேந்திரன், "போச்சா?" என்றான். கல்யாணராமன் சுவரோரம் நின்றார். லூயிசா திரையில் வந்த வரியை ஒரு தரம் படித்தாள், இன்னொரு தரம் படித்தாள். சனிக்கிழமை ஃபோர்ஸ் போட்டு ஏற்றிய பழைய பதிவுப் பேக்கேஜ் அங்கேயே குந்திக்கொண்டிருந்தது. அந்த ஃபைல் எனக்குச் சொந்தம், லைப்ரரிக்கு விட மாட்டேன் என்கிறது. கல்யாணராமன் அதற்கு வைத்த பேர் வேறு, லூயிசா புதியதற்கு வைத்த பேர் வேறு. அதனால் புதியது வந்தாலும் அது தானாக நகராது. ஆபீஸ் மெஷினில் அது இல்லாததால் நேற்று இது தெரியவில்லை.

"இதுக்கு மேலயா யோசனை?" என்றான் ராகவேந்திரன். "ஃபோர்ஸ் போடு. பொம்மனாட்டிகள்லாம் காத்துண்டிருக்கா."

"போட மாட்டேன்."

அவன் சொன்னது கேட்டு டாக்டர் வஜீஹா உள்ளே வந்தாள். "என்ன பிரச்சனை? ரெடின்னு சொன்னீங்களே."

ராகவேந்திரன் வாயைத் திறப்பதற்குள் லூயிசா சொல்லிவிட்டாள். "டாக்டர், சனிக்கிழமை ஏத்தினது தப்பா அச்சடிக்குது. நெகட்டிவ் எல்லாம் பாசிட்டிவா வரும். சரி பண்ணது என் கையில இருக்கு, ஆனா பழசு வழி விடலை. கட்டாயப்படுத்தி ஏத்தினா ஏறும். உள்ள என்ன ஆகும்னு நான் பொறுப்பு எடுத்துக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கையால எழுதிக் கொடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய ராகவேந்திரனுக்கு முகம் வெளிறிவிட்டது. டாக்டர் வஜீஹா மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நெகட்டிவ், பாசிட்டிவா வருமா," என்று மெதுவாகக் கேட்டாள். "இதை எனக்கு யாரும் சொல்லாம மெஷினை இங்க இறக்கிட்டுப் போனீங்களா?" அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு மருந்துச் சீட்டுப் பேடையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

லூயிசா நாற்காலியை விட்டு எழுந்தாள். "சார், வழியில நிக்கிறது உங்க பேக்கேஜ். எடுக்கறதுன்னா நீங்களே எடுங்க. எடுக்காம என்னுதை அது தலைமேல ஏத்த மாட்டேன்."

அவளே எடுத்திருக்கலாம், அதிகாரம் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் அவர் சரக்கைத் தூக்கிப் போட அவளுக்கு மனசில்லை. அவர் கண்முன்னால், அவர் கையால்தான் அது போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

கல்யாணராமன் உட்கார்ந்தார். எடுத்துவிட்டுப் புதியது ஏறாவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீக்கும் கட்டளையை அடித்தார். தான் வருஷக்கணக்காகக் கட்டிக் காத்த பேக்கேஜின் பேரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். என்டரைத் தட்டினார். அது போய்விட்டது.

பிறகு அவரே லூயிசாவின் மூன்று பேக்கேஜையும் ஏற்றச் சொன்னார். ஃபோர்ஸ் போடவில்லை. மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அது ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"ராஜினாமா எழுதிண்டு வந்திருக்கியா?" என்றார் திரும்பாமலே.

"வந்திருக்கேன் சார்."

"பையிலேயே வெச்சுக்கோ. உன் வாய்க்கு அது எப்ப வேணா தேவைப்படும்."

அதற்கப்புறம் டாக்டர் கையால் எழுதியதையெல்லாம் லூயிசாவே அடித்து அச்சடித்தாள். ஒவ்வொரு பேப்பரையும் டாக்டரின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தாள். பாசிட்டிவ், பாசிட்டிவ், பாசிட்டிவ். உச்சி வேளை தாண்டி ஒரு பேப்பர் வந்தது. பேர் காமாக்ஷி, பட்டினப்பாக்கம், தலைப்பிரசவம், ஏ நெகட்டிவ். டாக்டரின் பேடிலும் ஏ நெகட்டிவ். லூயிசா அந்தப் பேப்பரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கண்ணில் நீர் கட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

காமாக்ஷியை உள்ளே அழைத்து டாக்டர் வஜீஹா எல்லாம் விளக்கி அனுப்பினாள். வெளியே வந்தவள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லூயிசாவிடம் வந்தாள். மீன் கூடை தூக்கிக் காய்த்த கை.

"மேடம், டாக்டரம்மா இன்னாவோ ஊசின்னாங்கோ. பெத்த கையோட போட்டுக்கணுமாம். நான் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவேன். அங்க போடுவாங்களா?"

"போடணும். இந்தப் பேப்பரைக் காட்டி நீங்களே கேக்கணும்."

"ஸ்டாக் இல்லேன்னு சொல்லிட்டா?"

"மறுபடியும் கேளுங்க. மூணு நாளுக்குள்ள போட்டாகணும், எங்கிருந்தாவது வரவழைங்கன்னு சொல்லுங்க."

"கத்துவாங்கோ மேடம். உனக்கு இன்னாடி தெரியும்பாங்கோ."

"கத்தட்டும். ஊசி போடற வரைக்கும் அந்த எடத்தை விட்டு எழுந்திருக்காதீங்க."

காமாக்ஷி அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பேப்பரை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"எய்ந்திருக்க மாட்டேன்," என்றாள்.